பொழுதுபோக்குக்குச் சாராயம் காய்ச்சலாமா?

தீபத்துக்கு வந்த என் மச்சினன் பையன் இந்தத் தடவை கையில ஒரு செப்புத் தவலையோட வந்து இறங்கினான். நாப்பது லிட்டர் பிடிக்கும். தேரடி வீதியில வாங்கினானாம். கூடவே ஒரு சாக்குப்பையில சுருள் சுருளா செப்புக் குழாய், ஏசி மெக்கானிக்குங்க போடுவாங்களே, அது. வீட்டுக்காரி பார்த்துட்டு, "அத்தைக்கு வெந்நீர் போட வாங்கியாந்தியா கண்ணு"ன்னு சந்தோஷப்பட்டா. அவன் சிரிச்சான், ஒண்ணும் சொல்லல.

ராத்திரி மலை மேல தீபம் எரியுறதைப் பார்த்துக்கிட்டே களத்துல உக்காந்தப்பதான் விஷயத்தைச் சொன்னான். செல்போன்ல ஒரு வெள்ளைக்காரன் வீடியோ. கார் நிறுத்துற கொட்டகையில செப்புப் பானை, அது மேல ஆள் உயரத்துக்குச் செப்புத் தூண், உச்சியில தண்ணி ஓடுற சுருள். ஒரு பக்கம் சொட்டு சொட்டா கண்ணாடி ஜாடியில இறங்குது. "மாமா, இதுக்குப் பேரு ரிஃப்ளக்ஸ் ஸ்டில். அங்கல்லாம் இது ஹாபி. நம்மகிட்ட வெல்லம் இருக்கு, விறகு இருக்கு, கிணத்துத் தண்ணி இருக்கு. விக்கப் போறதில்ல, நாம சுத்தமா நமக்கு மட்டும். கண்ட கண்ட சரக்கைக் குடிக்கிறதுக்கு இது மேல் இல்லியா?"

பையன் கெட்டவன் இல்ல. டிப்ளமோ படிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில இருக்கான். எதையாவது பிரிச்சு மாட்டணும், அந்த அரிப்பு அவனுக்கு. என் மோட்டாரை ரெண்டு தடவை அவன்தான் சரி பண்ணிக் கொடுத்தான். அதனால சட்டுனு திட்ட மனசு வரல. நாலு நாள் யோசிச்சுத்தான் வேணாம்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு இங்க எழுதுறேன். சில பேருக்கு என் மேல கோவம் வரும், பரவாயில்ல.

முதல்ல அந்தத் தூண் என்ன செய்யுதுன்னு பையன் விளக்கினதைச் சொல்றேன், ஏன்னா கேக்க எனக்கே ஆசையா இருந்துச்சு. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், சாராயச் சத்து 78 டிகிரியிலேயே ஆவியாயிடும். பழைய பானையில ஆவி ஒரே தடவை மேல போயி குளிர்ந்து இறங்கும், அதுல தண்ணியும் பாதிக்குப் பாதி சேர்ந்து வரும். இன்னும் கெட்டியா வேணும்னா திரும்பக் காய்ச்சணும். இந்தத் தூணுக்குள்ள செப்பு நார் அடைச்சிருப்பாங்க, நாம பாத்திரம் தேய்க்கிற மாதிரி நார். மேல போற ஆவி உச்சியில குளிர்ந்து திரும்பக் கீழ வழியும், வழியுறப்போ மேல வர்ற சூட்டு ஆவி அதைத் திரும்பக் கிளப்பும். ஒரே தூணுக்குள்ள பத்துத் தடவை காய்ச்சின மாதிரி. செப்பு எதுக்குன்னா, ஊறல்ல இருந்து வர்ற கந்தக நாத்தத்தை அது இழுத்துக்கும். எஃகுல செஞ்சா அந்த வாடை அப்படியே நிக்கும்.

இதைக் கேட்டப்போ எனக்கு நம்ம வெல்லக் கொட்டாய் ஞாபகம்தான் வந்துச்சு. கொப்பரையில பாகு பொங்குறப்போ மேல போற ஆவி, கூரைத் தகரத்துல பட்டு, தண்ணியா முதுகுல சொட்டும். முப்பது வருஷமா அந்தச் சொட்டை முதுகுல வாங்கினவன் நான். ஆவி குளிர்ந்தா தண்ணின்னு எனக்கு எவனும் வீடியோ போட்டுக் காட்டத் தேவையில்ல.

செப்புன்னா எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. மலை உச்சியில தீபம் ஏத்துற கொப்பரையே செப்புதான், ஆள் உயரத்துக்கு இருக்கும். முதல் நாளே தோள் மேல தூக்கிட்டுப் போவாங்க. பதினோரு நாள் எரிஞ்சு கீழ வந்தா அந்த மையை பிரசாதமா கொடுப்பாங்க. அதே மலையைப் பார்த்துக்கிட்டு இன்னொரு செப்புப் பானையில எதைக் கொதிக்க வைக்கிறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம். அதுல எனக்குப் பெரிய பாவ புண்ணியக் கணக்கு ஒண்ணும் இல்ல, சும்மா தோணிச்சு.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்னு 1937-ல போட்டது. ராஜாஜி முதல் மந்திரியா இருந்தப்போ சேலம் ஜில்லாவுலதான் முதல்ல மதுவிலக்கு வந்துச்சு. எத்தனையோ தடவை கடையைத் திறந்தாங்க, மூடினாங்க. 1971-ல திறந்தாங்க, 1974-ல மூடினாங்க, 1981-ல திறந்தாங்க, 1987 பொறந்தப்போ கள்ளுக்கடை, சாராயக்கடை ரெண்டையும் மூடினாங்க. ஆனா அந்தச் சட்டம் மட்டும் இன்னைக்கும் உயிரோட இருக்கு. அதுல சாராயம் காய்ச்சுறது மட்டும் குத்தம் இல்ல, காய்ச்சுறதுக்குன்னு பானை, குழாய் வச்சிருக்கிறதே குத்தம். சொந்தத்துக்கு, பொழுதுபோக்குக்குன்னு எந்தச் சலுகையும் கிடையாது. இன்னொண்ணு, நாம குண்டாஸ் குண்டாஸ்னு சொல்றோமே 1982 சட்டம், அதோட முழுப் பேர்ல முதல்ல வர்றதே கள்ளச்சாராயக்காரங்கதான், குண்டர்ங்க அப்புறம்தான் வர்றாங்க.

"அமெரிக்காவுல செய்றாங்களே மாமா"ன்னான். அங்கயும் வீட்டுல பீரு, ஒயின் போட்டுக்கலாம், சாராயம் வடிக்க அரசாங்க அனுமதி வேணும். அவனையே தேடிப் பார்க்கச் சொன்னேன், பார்த்துட்டு அவனே ஒத்துக்கிட்டான். நியூசிலாந்துலதான் 1996-ல இருந்து சொந்தத்துக்கு வடிக்க விட்டிருக்காங்க. வீடியோ போடுறவன் எந்த ஊர்ல இருந்து போடுறான்னு பார்க்கணும் இல்ல.

சட்டத்தை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தா பையன் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிருப்பான். அதனால அவனைத் திண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க என் சித்தப்பா உக்காந்திருந்தாரு.

சித்தப்பாவுக்கு எழுபத்தஞ்சுக்கு மேல. கண்ணு ரெண்டும் தெரியாது. ஒரு காலத்துல எங்க சுத்துப்பட்டுல அவரை மாதிரி காய்ச்சத் தெரிஞ்சவன் கிடையாது. 1987-ல கடை மூடினதும் ஏரிக்கரைக் கரும்புத் தோட்டத்துல பானை மேல பானை ஏத்தினாரு. வெல்லமும் வெள்வேலம்பட்டையும் ஊறுற வாசனை எனக்கு இப்பவும் மூக்குல நிக்குது. அப்ப நான் பள்ளிக்கூடம் போறவன், காவலுக்கு வரப்புல நிக்க வச்சிருவாரு. அவரு காய்ச்சினதைக் குடிச்சு யாரும் சாகல, யாருக்கும் கண்ணு போகல. குடிச்சவன் குடும்பம் கெட்டுச்சு, அது வேற. என் பெரியப்பா குடும்பம் கெட்டதே அதுலதான், அதை மறைக்கல.

ஒரு நாள் பிடிச்சிட்டுப் போனாங்க. பானையை உடைச்சாங்க, ஊறலைக் கவுத்தாங்க. வேலூர் ஜெயில்ல ஆறு மாசம். வக்கீலுக்குன்னு அரை ஏக்கர் போச்சு. வந்தப்புறம் காய்ச்சுறதை அடியோட விட்டுட்டாரு. ஆனா குடியை விட முடியல. காய்ச்சத் தெரிஞ்ச மனுஷன், அதுக்கப்புறம் எவனோ பைக்குல கொண்டாந்து பாக்கெட்டுல விக்கிறதை வாங்கிக் குடிச்சாரு. ஒரு நாள் விடிகாலையில எழுந்து, "ஏன்டா இன்னும் விடியல"ன்னாரு. அப்ப வெயில் முதுகுல அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

அது மெத்தனால். சாராயச் சத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, பார்க்க, மோந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. பெயிண்ட், கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போற சரக்கு. உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறும், எறும்பு கடிச்சா எரியுதே அதே அமிலம். முதல்ல கண்ணு நரம்பைத்தான் தின்னும்.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 65 பேருக்கு மேல செத்தது இதுலதான். அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல செத்ததும் இதுலதான். டிவியில எல்லாரும் "கள்ளச்சாராயம் காய்ச்சி"ன்னு பேசினாங்க. எனக்கு அதுல ஒரு மனவருத்தம் உண்டு. காய்ச்சினதுல வந்த சாவு இல்ல அது, கலந்ததுல வந்த சாவு. வெல்லம் ஊறினா ஆளைக் கொல்ற அளவுக்கு மெத்தனால் வராது. பழத் தோல் ஊறினா கொஞ்சம் வரும், அவ்வளவுதான். கம்பெனி டிரம்முல இருந்து எடுத்துத் தண்ணியில கலந்து பாக்கெட் போட்டவனுக்கு அடுப்பும் தேவையில்ல, பானையும் தேவையில்ல.

பையன் உடனே பிடிச்சிக்கிட்டான். "அதைத்தான் மாமா நானும் சொல்றேன். நாமளே காய்ச்சினா அந்தப் பயமே இல்ல. முதல்ல வர்ற சொட்டைக் கீழ ஊத்திட்டா மெத்தனால் போயிடும்."

பாதி சரி. மெத்தனால் 65 டிகிரியில கொதிக்கும்னு கணக்கு இருக்கு, அதனால அது முதல்லயே மொத்தமா வெளிய வந்துடும்னு நினைக்கிறாங்க. தண்ணியும் சாராயச் சத்துமா கலந்து கொதிக்கிறப்போ அது அப்படி வரிசையில நிக்காது, முதல்லயும் வரும், நடுவுலயும் வரும், கடைசியிலயும் வரும். சித்தப்பா காலத்துல தீக்குச்சி பரிட்சைன்னு ஒண்ணு இருந்துச்சு. கரண்டியில ஊத்திக் கொளுத்தினா நீலமா எரியணும், எரிஞ்சா நல்ல சரக்கு. மெத்தனாலும் எரியும். பகல் வெளிச்சத்துல அதோட தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது. கலந்து கிடந்தா தீயைப் பார்த்து எந்த மனுஷனாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. சித்தப்பாவும் அன்னைக்கு பாக்கெட்டை வாங்கிக் கொளுத்திப் பார்த்துட்டுத்தான் குடிச்சாராம். இதை அவரு வாயால பையன்கிட்ட சொன்னாரு. அதுக்கு மேல பையன் அந்த வீடியோவைத் திறக்கல.

வேற ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்லிடறேன், என் எழுத்தைப் படிக்கிறவங்க வீட்டுலயும் இந்த வயசுப் பசங்க இருப்பாங்க. சாராய ஆவி பெட்ரோல் மாதிரி, விறகு அடுப்புக்குப் பக்கத்துல ஒரு மூட்டு கசிஞ்சா போதும். தூணுக்குள்ள அடைப்பு விழுந்தா பானையே வெடிகுண்டு. குழாயைப் பத்த வைக்கிற ஈயம் கலந்த பத்து, பழைய வண்டி ரேடியேட்டர், இதுலெல்லாம் ஆவி போனா காரீயம் இறங்கும். அமெரிக்காவுலயே ரேடியேட்டர்ல காய்ச்சிக் குடிச்சுப் பல பேரு நரம்பு கெட்டுப் போயிருக்காங்க. செப்பும் சும்மா இல்ல, புளிச்சது பட்டா களிம்பு ஏறும். நம்ம பாட்டிங்க அதனாலதான் ஈயம் பூசாத செப்புல குழம்பு வைக்க மாட்டாங்க.

இதோட முடிச்சா அரசாங்கம் சொல்றது எல்லாம் சரின்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். அது என் கருத்து இல்ல.

இந்த ரிஃப்ளக்ஸ் தூணோட பெரியண்ணன்தான் சாராய ஆலைங்கள்ல அம்பது அடி, அறுபது அடி உயரத்துக்கு நிக்கிறது. 1830-ல ஈனியஸ் காஃபின்னு ஒரு அயர்லாந்துக்காரரு அதுக்கு உரிமை வாங்கினாரு. அவரு யாருன்னா, கள்ளச்சாராயம் பிடிக்கிற கலால் அதிகாரியா இருந்தவரு! பானையை உடைச்சு உடைச்சு அலுத்துப்போய் தானே ஒண்ணு செஞ்சிட்டாரு போல. அந்தத் தூணுக்குள்ள இன்னைக்குப் போறது எது? சர்க்கரை ஆலையில மிஞ்சுற மொலாசஸ். அதாவது நான் வெட்டி லாரி ஏத்தி அனுப்புற கரும்போட கசடு. என் கரும்பு ஆலைக்குப் போகுது, கசடு வடிசாலைக்குப் போகுது, கலர் போட்டு பிராந்தின்னு பேர் வச்சு டாஸ்மாக்குல நிக்குது. 2003-ல இருந்து அரசாங்கமே கடை நடத்துது. 2023-24-ல அதுல வந்த வருமானம் 45 ஆயிரம் கோடிக்கு மேல. கரும்புக்குக் காசு எப்ப வரும்னு கேட்டா மட்டும் யாருக்கும் காது கேக்காது.

அதே நேரம் என் வரப்புல நிக்கிற பனைமரத்துல ஒரு சட்டி கட்டினா நான் குற்றவாளி. பனை நம்ம மாநில மரம், அது ஒரு வேடிக்கை. கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு, மரம் ஏறுறவங்களுக்குச் சங்கம் இருக்கு. இங்கிருந்து நூறு கிலோமீட்டர்ல புதுச்சேரி, அங்க கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசாங்கமே ஏலம் விட்டு நடக்குது. கோவாவுல முந்திரிப் பழத்துல ஃபெனி வடிக்கிறாங்க. முதல் வடிப்புக்கு உராக்குன்னு பேரு, ரெண்டாவது வடிச்சாத்தான் ஃபெனி. மண்பானையில வடிச்சவங்க இப்ப செப்புப் பானையில வடிக்கிறாங்க. அதுக்கு 2009-ல புவிசார் குறியீடு வாங்கி, 2016-ல அதைத் தங்களோட பாரம்பரிய மதுன்னும் அறிவிச்சாங்க.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது யாழ்ப்பாணத்துக் கதை. வடமராட்சிப் பக்கம் திக்கம்னு ஒரு ஊர். அங்க பனங்கள்ளுல சாராயம் வடிக்க ஒரு வடிசாலை வச்சாங்க. வச்சது முதலாளி இல்ல, கள் இறக்குற தொழிலாளிங்களோட கூட்டுறவுச் சங்கங்க. வித்தது போக மிச்சம் இருந்த கள்ளு புளிச்சுக் கொட்டாம வடிசாலைக்குப் போச்சு. வடிசாலைன்னு எவ்வளவு நல்ல தமிழ்ச் சொல் பாருங்க. நாம டிஸ்டிலரின்னு சொல்லிச் சொல்லியே அதை மறந்துட்டோம்.

அதனால என் கருத்து இதுதான். வீட்டுக்கு வீடு செப்புத் தூண் வேணாம். நம்ம ஊர்ல அது ஹாபியா நிக்காது. முதல் மாசம் சொந்தத்துக்கு, ரெண்டாம் மாசம் மாமனுக்கு ஒரு பாட்டில், மூணாம் மாசம் கரும்பு வெட்ட வந்தவன் கூலியில கழிச்சுக்கச் சொல்லுவான். சித்தப்பாவும் விக்கணும்னு ஆரம்பிக்கல. இன்னொண்ணையும் யோசிங்க. பிடிபட்டா டிப்ளமோ படிச்ச என் மாப்ளைய ஒரு மாதிரி விசாரிப்பாங்க. அதே பானையோட ஜவ்வாது மலையிலயோ கல்வராயன் மலையிலயோ ஒருத்தன் நின்னா அவனை வேற மாதிரி விசாரிப்பாங்க. ஒரே செப்பு, ஒரே வெல்லம். அவனுக்கு ஹாபின்னு சொல்லிக்க ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

ஆனா கள்ளைத் திறந்து விடணும். கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்து, மரத்துக்கு நம்பர் போட்டு, கலப்படம் பண்ணினவன் மரத்தைப் பறிமுதல் பண்ணட்டும். அப்பவும் குடி இருக்கும், பொம்பளைங்க கண்ணீர் இருக்கும், என் வீட்டுக்காரியே இதைப் படிச்சா, "எழுதுறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா"ன்னுதான் கேப்பா. அவகிட்ட எனக்குப் பதில் இல்ல. ஆனா நூறு ரூபா கையில இருக்கிற கூலிக்காரனுக்கு இன்னைக்கு ரெண்டே வழிதான், கடையில குவார்ட்டர், இல்லாட்டி பாக்கெட். குவார்ட்டருக்குக் காசு பத்தாதவன்தான் கருணாபுரத்துல செத்தான். செத்தப்புறம் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தாங்க. அதே ஜூன் மாசக் கடைசியில சட்டத்தையும் திருத்தினாங்க, கள்ளச்சாராயத்துல உயிர் போனா வித்தவனுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாம. போடட்டும், வேணும்தான். ஆனா அந்த ரெண்டு வழிக்கு நடுவுல மூணாவதா ஒண்ணை யாரும் வைக்கல.

பையன் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் தவலையைச் சித்தப்பா முன்னாடி கொண்டாந்து வச்சான். அவரு கையை விட்டுத் தடவிப் பார்த்தாரு. விளிம்பு, கழுத்து, அடி. சுண்டி சத்தம் கேட்டாரு. "நல்ல கனம். அடிச்சது நல்ல கை"ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பையனும் பக்கத்துலயே உக்காந்திருந்தான்.

தவலையில இப்ப வெந்நீர்தான் போடுறோம், மார்கழிப் பனிக்கு நல்லா இருக்கு. குழாய்ச் சுருள் சாக்குப்பையோட மோட்டார் கொட்டாயில கிடக்கு. யாருக்காவது ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தெரிஞ்சா சொல்லுங்க, பாதி விலைக்குக் கொடுத்துடலாம்னு பையன் சொல்லியிருக்கான்.